கைமாறும் நாய்க்கு என்ன நடக்கிறது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் கால்நடை வைத்தியரான அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நாயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். இந்தத் தலைப்பை நானாகத் தேடிப் பிடிக்கவில்லை. நம்மோடு படித்த இருவர் கேட்ட கேள்விகள்தான் காரணம். ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். பக்கத்து வீட்டார் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாய் இரவு முழுக்க அழுகிறதாம், அதற்கு ஏதும் நோயா என்று கேட்டார். மற்றவர் இங்கேதான். வயலைக் குத்தகைக்குக் கொடுத்தபோது காவல் நாயையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அது திரும்பத் திரும்ப இவர்கள் வாசலுக்கே வருகிறது. "அடிச்சும் போகுதில்ல" என்றார்.

சம்மாந்துறையில் வீட்டோடு நாய் வளர்ப்பவர்கள் குறைவு. ஆனால் வட்டைக்குள் நாய் இல்லாத வாடியும் குறைவு. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள அனுமதி இருப்பதும், அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிக் கொடுத்ததற்காகப் பாவம் மன்னிக்கப்பட்ட பெண்ணின் ஹதீஸையும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். நாயைத் தொடுவது பற்றிய சட்டம் வேறு, அதை நடத்தும் விதம் வேறு. இரண்டையும் நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம்.

இனி கேள்விக்கு வருகிறேன். ஆள் மாறும்போது நாயின் உடம்பிலேயே மாற்றம் நடக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஹென்னெசி என்பவரும் அவருடைய குழுவினரும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்த நாய்களின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அளந்தார்கள். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது கூடுவது அது. முதல் மூன்று நாட்களில் அது, சொந்த வீட்டில் இருக்கும் நாய்களுக்கு இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. சாப்பிடாமல் கிடப்பதையும், மூலைக்குள் ஒதுங்குவதையும், இரவில் அழுவதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சத்தமே போடாமல் சுருண்டு கிடக்கும் நாயைப் பார்த்து "நல்ல அடக்கமான நாய்" என்று சந்தோசப்படுபவர்களும் உண்டு. என் அனுபவத்தில் அழுகிற நாயைவிட அந்த நாய்க்குத்தான் கூடுதல் கவனம் தேவை.

வாசலுக்குத் திரும்பி வருகிற நாயின் கதை உலகத்துக்கே தெரிந்த கதை. ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாய், இறந்துபோன பேராசிரியர் உவேனோவுக்காக ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்தது. விசுவாசத்துக்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. 1925 மே மாதம் பேராசிரியர் மௌத்தானபின் அந்த நாயை வீடு வீடாக மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அவருடைய தோட்டக்காரர் பொறுப்பெடுத்தார். அங்கே சாப்பிட்டது, அங்கே படுத்தது, ஆனாலும் 1935 மார்ச்சில் சாகும்வரை நிலையத்துக்குப் போய்வந்தது. புது வீட்டை ஏற்றுக்கொள்வதும் பழைய ஆளைத் தேடுவதும் ஒரே நாய்க்குள் ஒன்றாக இருக்க முடியும். திரும்பி வந்ததற்காக அதை அடிப்பது அநியாயம். அது நன்றி கெட்டதனமும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

அப்படியானால் புது ஆளோடு அது ஒட்டாதா? ஒட்டும், நாம் நினைப்பதைவிட வேகமாக. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மார்த்தா காச்சியும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. காப்பகத்தில் கிடந்த வளர்ந்த நாய்களோடு முன்பின் தெரியாத ஒருவர் மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் மட்டும் இருந்து பழகினார். பிறகு சோதித்தபோது, அந்த நாய்கள் வேறு அந்நியரைவிட அவரையே நாடின, அவரிடம் பற்று வைத்ததற்கான அடையாளங்களைக் காட்டின. மொத்தம் அரை மணித்தியாலம். அதுவரை யாருமே அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுக்கவில்லை என்பதை நினைக்கும்போதுதான் மனசு கனக்கிறது.

இதே விசயத்தை நமது வட்டையிலும் பார்த்திருக்கிறேன். பெரும்போகம் முடிந்து குத்தகை மாறிய ஒரு வயலில், வாடி, சட்டி பானையோடு நாயும் கைமாறியது. புதுக் குத்தகைக்காரர் நல்ல மனிதர். மீனும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நாய் நாலு நாள் தொடவில்லை, ஐந்தாம் நாள் பழைய முதலாளி வீட்டுக்கு ஓடிவிட்டது. இரண்டு தடவை ஓட்டோவில் ஏற்றி வந்தார்கள். அதைத் திருத்தியவர் வாடியில் தங்கிய முல்லைக்காரர். அவர் விசேசமாக ஒன்றும் செய்யவில்லை. கிட்டப் போகாமல், கூப்பிடாமல், தன்பாட்டில் சாப்பிட்டுவிட்டு மிச்சச் சோற்றை ஒரே இடத்தில் வைப்பார். இரவில் டோர்ச் எடுத்துக்கொண்டு பன்றிக்குக் காவல் சுற்றுவார். ஒரு இரவு நாயும் பின்னால் நடந்தது. பணம் கொடுத்தவர் குத்தகைக்காரர், ஆனால் நாய் முல்லைக்காரருடையதாகிவிட்டது.

நாயைக் கொடுப்பவர்களுக்குச் சொல்வது: இரவோடு இரவாக உரபேக்கில் கட்டிக் கொண்டுபோய் ஊர் எல்லையில் விடாதீர்கள். அது கைமாற்றுவது இல்லை, கைவிடுவது. புது ஆளை முதலில் உங்கள் இடத்துக்கே ஓரிரு தடவை வரச் சொல்லுங்கள். அது படுத்த பழைய சாக்கைக் கழுவாமல் கூடவே அனுப்புங்கள். மணம்தான் அதற்கு வீடு. பெயரை மாற்ற வேண்டாம். எடுப்பவர் ஒரு கிழமைக்காவது பழைய சாப்பாட்டையே பழைய நேரத்தில் கொடுக்கட்டும். முதல் சில கிழமைகள் அடைப்புக்குள் வைத்திருங்கள், அல்லது நீண்ட கயிற்றில் நிழலில் கட்டுங்கள். வெளிநாட்டுக் காப்பகங்களில் மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய, பழக்கம் பிடிக்க, வீடாக உணர. அது ஒரு கைக்கணக்குத்தான், சில நாய்க்கு இன்னும் கூடும்.

பிள்ளைகள் விசயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பயந்த நாய் கடிக்கும். புதிதாக வந்த நாய் சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். விசர்நோய்த் தடுப்பூசி போட்ட அட்டையை நாயோடு சேர்த்துக் கொடுங்கள், வாங்குங்கள். அட்டை இல்லையென்றால் திரும்ப ஊசி போடுவதே பாதுகாப்பு. கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாசலுக்கு வரும் நாய்க்கு என்ன செய்வது என்று கேட்ட நம் சினேகிதி முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு என் பதில்: வாசலில் சாப்பாடு போடாதீர்கள், விரட்டவும் வேண்டாம். புது ஆளுக்குக் கோல் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் அவரே வந்து கூட்டிப் போகட்டும்.