மெரித்தின் பெட்டியில் இருந்த துணி

இறந்தோரை நினைக்கும் இந்த நவம்பர் மாதத்தில் ஒரு பயணத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம்.

இத்தாலி நாட்டின் தூரின் நகருக்கு நாங்கள் 20 பேர் திருப்பயணமாகச் சென்றிருந்தோம். ஆண்டவரின் திருவுடலைப் பொதிந்ததாகப் போற்றப்படும் அடக்கத்துணி அங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. கண்ணால் காணலாம் என்று போனவர்களுக்கு ஏமாற்றம்தான். எப்போதாவது சில ஆண்டுகளில் மட்டுமே அதை வெளியே காட்டுகிறார்கள். மூடிய பேழையின் முன் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு வெளியே வந்தோம். ரயிலுக்கு இன்னும் அரை நாள் இருந்தது. நடந்துபோகிற தூரத்தில் எகிப்திய அருங்காட்சியகம் இருப்பதாகச் சொன்னார்கள். எங்களில் சிலருக்கு மனமில்லை. கோவிலுக்கு வந்த காலோடு பிணத்தைப் போய்ப் பார்ப்பதா என்று முணுமுணுத்தார்கள்.

ஆனால் நம் விவிலியத்துக்கு மம்மி புதிதல்ல. தொடக்கநூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாக்கோபு இறந்ததும், யோசேப்பு மருத்துவர்களைக் கொண்டு தம் தந்தையின் உடலைப் பதப்படுத்தச் செய்கிறார். அதற்கு 40 நாள் ஆகிறது. எகிப்தியர் 70 நாள் துக்கம் காக்கிறார்கள். அந்த நூல் முடிவதே யோசேப்பின் உடலும் அப்படிப் பதப்படுத்தப்பட்டு, எகிப்தில் ஒரு பேழையில் வைக்கப்படுவதோடுதான். பின்னர் மோசே மக்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது யோசேப்பின் எலும்புகளையும் எடுத்துச் சென்றார். இதைச் சொன்னதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

அங்கே அரசர்களின் பெரிய கற்சிலைகள் எத்தனையோ. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டோம். எங்களை நிறுத்தி வைத்தது ஒரு கணவன் மனைவியின் அறை. அவர் பெயர் கா, அவர் மனைவி மெரித். கா அரசர் அல்லர். அரசர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளருக்கு மேற்பார்வையாளர். ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். திருடர் கைபடாத அவர்களின் கல்லறையை 1906-இல் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய அறிஞர் திறந்தபோது, ரொட்டி, பழம், கட்டில், நாற்காலி, மெரித்தின் சவுரிமுடி வைத்த பெட்டி வரை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு குடும்பம் வீடு மாறிப் போனதுபோல.

அவர்களின் உடல்களைச் சுற்றிய துணியை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை. எக்ஸ்ரே கதிர்கள் மட்டும் உள்ளே பார்த்திருக்கின்றன. காவின் கழுத்தில் பொன் மாலை இருக்கிறது. கூடவே வண்டு வடிவக் கல் ஒன்றும் இருக்கிறது. இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைத்து ஓர் இறகுக்கு எதிரே நிறுப்பார்கள் என்பது எகிப்தியர் நம்பிக்கை. அந்த நேரத்தில் தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாதே என்ற வேண்டுதலோடு வைக்கப்படுவதுதான் அந்தக் கல். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரத் தயங்கும் நமக்கு அந்த அச்சம் தெரியாததா? நம் இதயம் நம்மைக் குற்றவாளியென்று தீர்த்தாலும் கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர் என்று புனித யோவான் எழுதும் வரைக்கும், அந்தக் கல்லுக்கு வேறு மாற்று ஏது?

மெரித் கணவருக்கு முன்பே இறந்துபோனார். அவருக்கென்று பெட்டி தயாராகவில்லை. கா தமக்காகச் செய்து வைத்திருந்த பெட்டியிலேயே அவரை வைத்தார்கள். அது அவருக்குப் பெரிதாக இருந்தது. அதனால் சுற்றிலும் இருந்த இடைவெளியில் துணிகளை வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தத் துணிகளில் காவின் அடையாளக் குறி இருக்கிறது. வீட்டில் அவர் பயன்படுத்திய துணிகள்.

வழிகாட்டி இதைச் சொன்னதும், எங்களோடு வந்த ஓர் அம்மா அப்படியே நின்றுவிட்டார். சென்ற ஆண்டுதான் கணவரை அடக்கம் செய்தவர். கணவரின் சட்டைகளை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் திரும்பி, "சாமி, இவங்களுக்கு நித்திய இளைப்பாற்றி சொல்லலாமா? ஆண்டவரைத் தெரியாதவங்களாச்சே?" என்று கேட்டார்.

குருமடத்தில் பல ஆண்டு இறையியல் படித்தும், இந்தக் கேள்வியை அதுவரை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகிறோம். தமக்கு முன் இறந்தோரைத் தேடித்தானே அங்கு போனார்? கடவுள் மட்டுமே அறிந்த நம்பிக்கையோடு இறந்தவர்களுக்காகவும் திருஅவை திருப்பலியில் மன்றாடுகிறது. கா, மெரித் இருவரின் மனதில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும். "சொல்லலாம், அம்மா" என்றோம்.

மூன்று முறை சொன்னோம். மூன்றாம் முறை அந்த அம்மா தம் கணவரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட, காவலர் ஒருவர் வந்து வழிவிடும்படி சைகை காட்டினார். நகர்ந்தோம்.

ரயிலில் வெகுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "ஊருக்குப் போனதும் அலமாரியைத் திறக்கணும், சாமி" என்றார்.