அடி பருத்த அடீனியம்



அடீனியம் வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நர்சரியில பாலைவன ரோஜான்னு எழுதி வைச்சிருப்பாங்களே, அடி யானைக்கால் மாதிரி பருத்திருக்குமே, அதுதான். ரோஜாவுக்கும் அதுக்கும் உறவே கிடையாது. நம்ம அரளிதான் அதுக்குப் பங்காளி. சொந்த ஊர் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து வறண்ட பூமி. மழை இல்லாத மாசங்களுக்காக அடித்தண்டுல தண்ணியைச் சேர்த்து வைச்சுக்கும்.

அதனால தண்ணி ஊத்துறதுலதான் எல்லாமே இருக்கு. மண்ணு காய்ஞ்ச பிறகுதான் ஊத்தணும். அடியை விரலால அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா தண்ணி போதும். லேசா சுருங்கித் தொய்ஞ்சிருந்தா தாகம். ஈர மண்ணுல கொழகொழன்னு நசுங்கினா அழுகல். உடனே செடியைப் பிடுங்கி, நல்ல சதை தெரியும் வரை சீவிட்டு, சில நாள் நிழல்ல காயவைச்சுப் புது மண்ணுல வைக்கணும். மண்ணுல பாதிக்கு மேல ஆத்து மணலும் செங்கல் ஜல்லியுமா இருக்கட்டும், கூடக் கொஞ்சம் மக்கின தொழுவுரம். வெயில் நல்லா படணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மட்டும் தாழ்வாரத்துக்கு மாத்திடுங்க.

கிளையை வெட்டி வைச்சாலும் வேர் பிடிக்கும், சீக்கிரம் பூக்கும். ஆனா விதையில வந்த செடிக்குத்தான் அடி அழகா பருக்கும். விலையும் அந்த அடிக்குத்தான். காய் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியா வரும். வெடிச்சா விதை பஞ்சோட பறந்துடும், முன்னாடியே நூலால கட்டி வைங்க. புது விதை ஒரு வாரத்துல முளைச்சுடும். தொட்டி மாத்தும்போதெல்லாம் கொஞ்சம் மேல தூக்கி நட்டா பருத்த வேர் வெளியில தெரியும்.

கடன் வாங்கிச் செய்யலாமான்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. வேண்டாம்னுதான் சொல்வேன். விதை போட்டு, விலை கேட்கிற அளவுக்கு அடி திரள ரெண்டு வருஷமாவது ஆகும். தவணை அடுத்த மாசமே வந்து நிக்கும். மாடு, தையல்னு ஏதாவது வருமானம் இருக்கிறவங்க பக்கத்துல பத்துத் தொட்டி வைங்க, அது போதும்.

இன்னொண்ணு, இதை மறைக்கக் கூடாது. இதோட பால் விஷம். ஆப்பிரிக்காவுல வேட்டைக்காரங்க அம்பு நுனியில தடவினது இதைத்தான். இதயத்தையே பாதிக்கும். கிளை வெட்டினா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, கண்ணைத் தொடாதீங்க, ஆட்டுக்கு எட்டாம வைங்க. வாங்க வர்றவங்ககிட்டேயும் சொல்லித்தான் விக்கணும். கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா, விக்காம போனாலும் பரவாயில்லை.

விதை வேணும்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் வாங்க. இப்ப ரெண்டு காய் கட்டி வைச்சிருக்கேன்.