பாதியில் நின்ற பிள்ளைக்கு மிச்சமென்ன?

(இங்கிலீஷ் பாடப் புத்தகங்களைப் பரிசீலிப்பது பற்றி ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியது)



இங்கிலீஷ் கற்பிக்கும் புத்தகங்களை எப்படிப் பரிசீலனை செய்வது என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். நாம் பாஷா பண்டிதரல்ல. ஆயினும் சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர்கூட அதைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகின்றார்? ஒரு பிள்ளையின் பல வருஷ காலத்தை ஒப்படைக்கின்ற புத்தகத்தை மாத்திரம் நாம் எப்படித் தெரிந்தெடுக்கின்றோம்? அட்டை பளபளப்பாயிருக்கிறதா, படங்கள் வர்ணத்திலிருக்கின்றனவா, எழுதினவருக்கு எத்தனை பட்டம், சீமையில் அச்சானதா என்பதோடு நமது பரிசோதனை முடிந்துவிடுகின்றது. அந்தப் புத்தகம் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்பவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் இங்கிலீஷ்காரர். அவர் வங்காளத்தில் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். இன்று பங்களாதேசத்தின் தலைநகராயிருக்கும் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவராயுமிருந்தவர். வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அவர் கண்ட உண்மை மிகவும் சாதாரணமானது. பள்ளியில் சேருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசி வகுப்பு வரை வருவதில்லை. ஆனால் பாடத் திட்டமோ எல்லோரும் கடைசிவரை வருவார்களென்று எண்ணிக்கொண்டு போடப்பட்டிருக்கிறது. அப்படியானால் நடுவில் நின்றுவிட்ட பிள்ளை கொண்டுபோனது என்ன?

இதற்கு அவர் இன்ஷியூரன்ஸ் வியாபாரத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார். பாலிசியை நடுவில் விட்டுவிட்டால் திரும்பக் கையில் கிடைக்கின்ற தொகையைச் சரண்டர் மதிப்பு என்கிறோமல்லவா? அதுபோல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சரண்டர் மதிப்பு உண்டு என்றார். வாசிக்கும் சக்தி வந்துவிட்டால் பள்ளியை விட்ட பிள்ளையும் தானே மேலே படித்துக்கொள்ளலாம் என்பதால், வாசிப்பையே முதலில் வைத்தார்.

பழைய வாசகப் புத்தகங்களையும் அவர் சோதித்தார். இரண்டு குற்றங்கள் தெரிந்தன. ஒன்று, வழக்கொழிந்த சொற்கள். தீவுக்கு எல்லோரும் வழங்கும் "ஐலண்ட்" இருக்க, கவிதைக்காரர் வழங்கும் "ஐல்" எதற்கு? மற்றொன்று, பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்களைக் கொட்டிவிட்டு, அவற்றைத் திரும்பக் காட்டாமலே போய்விடுவது. ஒருமுறை தெருவில் கண்ட முகம் எத்தனை நாளைக்கு ஞாபகமிருக்கும்? ஆதலால் தமது வாசகங்களில் புதுச் சொற்களைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பலமுறை திரும்ப வரச் செய்தார்.

நிற்க, வாசிப்புத்தான் முதலா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 1922இல் ஜப்பானுக்குச் சென்ற ஹெரால்ட் பாமர் வாய்ப்பேச்சுக்கே முதலிடம் கொடுத்தார். நம்முடைய அபிப்பிராயம் என்னவென்றால், பிள்ளையின் தேவையே இதைத் தீர்மானிக்க வேண்டும். ஓட்டலில் அந்நியரோடு பேசிப் பிழைக்க வேண்டியவனுக்குப் பேச்சு. இயந்திரத்தின் விவரச் சீட்டைப் படித்து வேலை செய்ய வேண்டியவனுக்கு வாசிப்பு. ஆனால் எதை முன்வைத்தாலும் சரண்டர் மதிப்பு என்கிற சோதனை மாறாது.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவே. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, புத்தகத்தின் நடுவில் பத்துப் பக்கங்களைப் பிரியுங்கள். புதுச் சொற்களின் கீழ் கோடு போடுங்கள். அவை அடுத்த பக்கங்களில் எத்தனை தரம் வருகின்றன என்று எண்ணுங்கள். அவை இன்று வழங்குகின்ற சொற்கள்தானா என்று பாருங்கள். பயிற்சிக் கேள்விக்குப் பொருள் தெரியாமலே, பாடத்திலுள்ள வரியைப் பார்த்து எழுதி விடையளித்துவிட முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் அது கைக்குப் பயிற்சியேயொழியப் புத்திக்கல்ல. கடைசியாக, இந்தப் பக்கத்தோடு நின்றுவிட்ட பிள்ளை ஒரு மருந்துப் புட்டியின் மேலுள்ள சீட்டையாவது, இரயில் நிலையத்துப் பலகையையாவது படிப்பானா என்று கேளுங்கள். நான்கு பாட்டும் ஒரு கதையும் ஒப்பிப்பான் என்பதுதான் பதிலென்றால், அந்தப் புத்தகம் அவன் காலத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

வெஸ்ட் சொன்னார் என்பதற்காக இதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1953இல் அவர் தொகுத்து வெளியிட்ட சுமார் 2000 சொற்களின் பட்டியல் உலகமெங்கும் பாடப் புத்தகங்களுக்கு அளவுகோலாயிருந்தது. அதில் "கம்ப்யூட்டர்" என்கிற சொல் இல்லை. அது அவர் குற்றமல்ல, காலம் மாறிற்று. 2013இல் வேறு அறிஞர்கள் புதுக் கணக்கெடுத்துப் புதுப் பட்டியல்கள் வெளியிட்டார்கள். இவையும் ஒரு நாள் பழையனவாகும். பட்டியல் பழையதாகலாம், எண்ணிப் பார்க்கும் வழக்கம் பழையதாகக் கூடாது.

தோழர்களே! நன்றாய்ப் படிக்கும் நான்கு பிள்ளைகள் எந்தப் புத்தகத்திலும் தேறிவிடுவார்கள். அவர்களைக் காட்டிப் புத்தகத்தைப் புகழ்வது மோசடி. பாடம் புரியாமல் பின்பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவனும், வீட்டுக் கஷ்டத்தால் பாதியில் நின்றவளும் என்ன பெற்றார்கள் என்பதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சை பிள்ளைக்கல்ல, புத்தகத்துக்கு. அதில் தவறிய புத்தகத்தை, யார் எழுதியிருந்தாலும், வேண்டாமென்று எழுதியனுப்பத் தைரியம் கொள்ளுங்கள்.