கடனட்டையும் கமராவும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் ஆற்றிய உரை)



இளைஞர் பகுதியிலிருந்து ஒருவர் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, கல்வி, ஒழுக்கம், தாய்மொழி ஆகிய மூன்றில் ஒன்றையே எதிர்பார்த்திருப்பார். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கடன். அதிலும் கமரா வாங்கப் பட்ட கடன். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறீர்கள், சிலர் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். தலை குனிந்தவர்களுக்காகவே இதைப் பேசத் துணிந்தோம்.

முதலில் கமராவின் பக்கம் இரண்டு வார்த்தை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் கரையில் பிறந்த ஒருவன் கமராவை விரும்புவது அதிசயமன்று. விடியற்காலையில் கல்லடிப் பாலத்தில் நின்றால் தோணியில் எழுந்து வலை வீசுகிறவரைக் காணலாம். படுவான்கரைப் பக்கம் போனால் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் வயலிலும் நீரிலும் நிறைந்து கிடக்கும். பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டு கட்டிய வெளிச்சவீடு முகத்துவாரத்தைப் பார்த்தபடி நிற்கிறது. நம் பாடும்மீனின் ஓசையை லாங் அடிகளார் என்னும் அமெரிக்க இயேசுசபைத் துறவி ஒலிப்பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலே ஒலித்தது என்பதைப் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் ஒலிப்பதிவுக் கருவியும் ஏழை வாங்கும் சாமான் அன்று. ஆகவே கருவி விலைகூடியது என்பதற்காக அந்த ஆசையையே வீண் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. சாமத்தியக் கலியாணத்துக்கு மண்டபமும் பந்தலும் வீடியோவும் வைத்து இலட்சங்களை ஒரே பகலில் கரைக்கிற நம்மூரில், ஒரு பையன் வாங்கிய லென்சை மட்டும் ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியுமா? பெரியோர்கள் பொறுத்தருளவேண்டும்.

ஆனால் அந்த லென்ஸ் எந்தக் காசில் வந்தது என்று கேட்பதற்குப் பெரியோர்களுக்கு முழு உரிமை உண்டு. பறவையைப் படம்பிடிக்க நீண்ட லென்ஸ் வேண்டும். நீண்ட லென்ஸ் இலட்சத்தில் விலை போவது. அது கடல் கடந்து வருகிற சாமான். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஆசை அப்படியே இருக்க, விலை மட்டும் ஏறியது. கையிலே காசு இல்லை. சட்டைப்பையில் அட்டை இருந்தது.

கடனட்டையின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். 1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டைக்காரர், மாதமுடிவில் வரும் கணக்கை முழுமையாகத் தீர்த்துவிட வேண்டும். மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வட்டி கட்டலாம் என்ற வசதி, 1958இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஒரு வங்கி வெளியிட்ட அட்டையோடு பெரிய அளவில் பரவத் தொடங்கியது. இந்த இரண்டு பழக்கமும் இன்று ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. முழுத் தொகையையும் குறித்த நாளுக்குள் கட்டுகிறவனுக்கு அட்டை வட்டியில்லாத ஒரு கைமாற்று. கொஞ்சம் மீதி வைத்தவனுக்கோ மீதிக்கு வட்டி; அதோடு புதிதாக வாங்குகிற அரிசிக்கும் பெற்றோலுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். இயந்திரத்தில் அட்டையைப் போட்டுக் காசாக எடுத்தால் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்து வட்டியும் உண்டு.

அந்த வட்டி நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 2020ஆம் ஆண்டு இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு நூற்றுக்கு 18 என்று உச்சவரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற அதே மாதத்தில், அந்த வரம்பு நீக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் பல வங்கிகளின் அட்டை வட்டி 36 வரை போயிற்று. 18ஐ நம்பிக் கடன் பட்டவன் 36க்குக் கட்டினான். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடியும் கட்டளை பிறப்பித்து, கடனட்டைக்கு 28 என்றும் நகை அடகுக்கு 18 என்றும் உச்சம் வகுத்தது. அடகின் கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

இப்போது ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். ஒருவனுடைய அட்டையில் 3 இலட்சம் ரூபா கடன். வட்டி வருடத்துக்கு 28. மாதந்தோறும் வரும் கணக்குக் கூற்றிலே ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என்று ஒரு தொகை அச்சாகியிருக்கும். அதை நிலுவையில் நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 15 ஆயிரம் கட்டுகிறான். புதிதாக ஒரு சதமும் செலவு செய்யாமல் வருடம் முழுவதும் ஒழுங்காகக் குறைந்தபட்சத்தையே கட்டுகிறான். வருடமுடிவில் அவன் கட்டியது ஏறத்தாழ 1 இலட்சத்து 55 ஆயிரம். கடன் குறைந்ததோ 86 ஆயிரம்தான். மற்ற 69 ஆயிரமும் வட்டி. இதே விதமாகப் பத்து வருடம் கட்டினாலும் இன்னும் 10 ஆயிரம் அளவில் மீதி நிற்கும்; கட்டிய மொத்தம் 5 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்தப் பத்து வருடத்தில் கமராவுக்கு என்ன நடந்திருக்கும் என்று வாவிக்கரைக்காரர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. நம் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் சும்மா வைத்த லென்சுக்குள் பூஞ்சணம் நூல்நூலாகப் படர்ந்துவிடும்.

ஏன் இவ்வளவு நீளுகிறது? கடன் குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் கூடவே குறைகிறது. 15 ஆயிரம் கட்டியவனை அடுத்த மாதம் 14 ஆயிரத்துச் சொச்சம் போதும் என்கிறது கூற்று. அவனும் மனம் குளிர்ந்து மிச்சத்தை மடித்து வைக்கிறான். அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: முதல் மாதம் கட்டிய 15 ஆயிரத்தை, கூற்று என்ன சொன்னாலும், மாதந்தோறும் அப்படியே கட்டுவது. அப்படிக் கட்டினால் 27ஆவது மாதம் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி ஒரு இலட்சத்துக்குள் அடங்கும். ஒரு ரூபா கூடச் சம்பாதிக்கத் தேவையில்லை. பத்து வருடம் எங்கே, இரண்டேகால் வருடம் எங்கே! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நமக்கே நம்ப முடியவில்லை. மூன்று பேர் தனித்தனியாகப் போட்டோம்.

நம்மவர்களில் பல்கலைக்கழக மாணவருக்குச் சம்பளம் இல்லை. ஆதலால் அட்டையும் இல்லை என்று பெற்றோர் ஆறுதல் கொள்ளவேண்டாம். தகப்பனாரின் கணக்கின்மேல் மகனுக்குத் துணை அட்டை கிடைக்கும். அதிலே விழும் கடனுக்குத் தகப்பனாரே பொறுப்பு. கட்டத் தவறினால் அந்தப் பதிவு கொடுகடன் தகவல் பணியகத்துக்குப் போகும். ‘கிரிப்’ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்டுப் போகும்போது அந்த ஏடு முதலில் திறக்கப்படும்.

மறுபக்கம், ‘கமராவே கடனைக் கட்டிவிடும், கலியாணங்களுக்குப் படம் எடுக்கப் போகிறேன்’ என்று சொல்லுகிற தோழர்களும் உண்டு. முயற்சி நல்லது. ஆனால் ஆடியில் கலியாணம் இல்லை, மார்கழியில் இல்லை. கார்த்திகை தொடங்கித் தை வரையில் நம் பகுதிக்கு மழைக்காலம். கூற்று மாத்திரம் பன்னிரண்டு மாதமும் வரும். கைக்கு வந்த காசைக் கணக்கில் எழுதலாம். பேசி முடியாத கலியாணத்தின் காசை எழுதக்கூடாது.

இனி, சொல்லக் கூச்சமான பகுதிக்கு வருகிறோம். கடனைவிட அதை மறைப்பதே குடும்பங்களைக் கெடுக்கிறது என்பது எமது துணிபு. மிசன் பள்ளிக்கூடங்களில் படித்த நாம் சேர் வால்ட்டர் ஸ்கொட்டின் கதைகளைப் படித்திருக்கிறோம். அவருக்கும் விலைகூடிய ஒரு மோகம் இருந்தது: அபட்ஸ்பேட் என்ற மாளிகையைக் கட்டுவதும், பழைய ஆயுதங்களையும் அரும்பொருள்களையும் சேர்ப்பதும். ஓர் அச்சகத்தில் அவர் கூட்டாளி என்பதை ஊரறியாமல் மறைத்து வைத்திருந்தார். 1826இல் அச்சகமும் பதிப்பகமும் சேர்ந்து விழுந்தபோது, ஒரு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கடன் அவர் தலைமேல் வந்து நின்றது. ஓடவில்லை, கடன்காரரோடு பேசி ஒழுங்கு செய்துகொண்டு, 1832இல் இறக்கும் வரை எழுதி எழுதிக் கட்டினார். மீதி அவர் நூல்களின் உரிமையிலிருந்து பின்பு தீர்ந்தது. அந்த உறுதியைப் பாராட்டுகிறவர்கள் பலர். நாமோ, கூட்டாளி என்ற செய்தி பத்து வருடம் முந்தியே வெளியில் தெரிந்திருந்தால் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அவ்வளவு தாராளமாகக் கொடுத்திருப்பார்களா என்றுதான் யோசிக்கிறோம்.

நம்மிடையே மறைத்த கடன் எங்கே போய்ச் சேருகிறது? அக்காவின் அல்லது தங்கையின் நகையில். இப்போது அடகின் கணக்கைப் பாருங்கள். 2023இல் வகுத்த உச்சப்படி அட்டைக்கு 28, அடகுக்கு 18 என்று வைத்துக்கொள்வோம். மூன்று இலட்சத்தை அட்டையிலிருந்து அடகுக்கு மாற்றினால் வருடத்துக்கு 30 ஆயிரம் ரூபா வட்டி மிச்சம். கணக்கு மட்டும் தெரிந்தவன் உடனே அடகு வை என்பான். ஆனால் அட்டையின் கடன் மாதம் ஒரு சிறிதாவது குறையும். அடகு வைத்த முதல் அசையாமல் கிடக்கும். தவணை முடிந்தும் மீட்காவிட்டால் ஏலம். இதற்கிடையில் அட்டை வெறுமையாகிவிட்டது. கடன் எல்லை முழுதும் மறுபடியும் திறந்து கிடக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும் வீடு எத்தனை! எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நகை யாருடையது? மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்கு உரியது. சகோதரிக்கு ஒரு வீடு எழுப்பிக் கொடுத்துவிட்டே தன் வாழ்வைப் பார்ப்பது அண்ணன் தம்பிமாரின் வழமை. அந்த வீட்டின் கல்லும் சீமெந்தும் ஆகவேண்டிய பவுணை, பறவை பார்க்கப் போன கடனுக்கு வைக்க நமக்கு என்ன உரிமை? அவளிடம் கேட்டு, அவள் மனமொத்துத் தந்து, மீட்கும் மாதத்தையும் எழுதிக் கொடுத்தால் ஒருவேளை அது வேறு. கேளாமல் எடுப்பதற்கு நம் ஊரில் இருக்கும் பெயரை இந்தச் சபையில் சொல்லவேண்டியதில்லை.

சரி, கடன் பட்டாயிற்று, என்ன செய்வது? அட்டையை ஒரு உறையிலிட்டு ஒட்டித் தாயாரிடம் கொடுத்துவிடலாம். வங்கிக் கிளைக்கு நேரே போய், நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலையான தவணையாக மாற்றித் தருவார்களா என்று கேட்கலாம். கேட்பவருக்குப் பல இடங்களில் செய்து கொடுக்கிறார்கள், கேளாதவருக்கு யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. இரண்டு லென்ஸ் இருந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் ஒன்றை விற்கலாம். கமராவை மட்டும் விற்கச் சொல்லி நாம் வற்புறுத்தமாட்டோம். இரண்டேகால் வருடம் ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்தடிக்குப் போக ஒரு காரணம் வேண்டும். அதையும் பறித்துக்கொண்டால் அவன் ஆறாம் மாதம் அட்டையைத் தேடித் திரும்பிவிடுவான் என்றே அஞ்சுகிறோம். கையில் உள்ள கருவியால் படம் எடுக்கட்டும். புதியது ஒன்றும் வாங்காதிருக்கட்டும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு, நம் தாய்மார்களின் சீட்டு முறை இருக்கிறது. சீட்டிலும் முதற் கழிவில் எடுப்பவர் கடன்காரர்தான். கடைசியில் எடுப்பவரே சேமித்தவர். ஆகையால் நாம் கேட்பது சீட்டுங்கூட அன்று, ஒரு பொது உண்டியல். இளைஞர் பகுதியில் 20 பேர் மாதம் 1,500 ரூபா போட்டால் மாதத்துக்கு 30 ஆயிரம். பத்தாம் மாதம் 3 இலட்சம். நம் உதாரணக்காரனைப் பத்து வருடம் கட்டிப்போட்ட அதே தொகை. ஒரு சதமும் வட்டி இல்லை. அதிலே ஒரு நல்ல லென்சும், ஈரம் புகாத ஒரு பெட்டியும் வாங்கிச் சங்க வாசிகசாலையில் வைக்கலாம். எடுத்துப் போகிறவர் கொப்பியில் கையொப்பமிடவேண்டும். இரண்டு நாளில் திருப்பவேண்டும். உடைத்தால் தவணையில் கட்டவேண்டும்.

இதனோடு இன்னொரு விண்ணப்பமும் உண்டு. வங்கிகளிலும் கச்சேரியிலும் வேலை பார்த்து இளைப்பாறிய பெரியோர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் மாதம் ஒரு மாலை வாசிகசாலையில் இருக்க இணங்கினால், கூற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரிகிறவர்கள் அங்கே வந்து விரிப்பார்கள். ஏசாமல் கேட்பதாக அப்பெரியோர்கள் முன்கூட்டியே வாக்குத் தரவேண்டும். உண்டியல் கணக்கிலும் அவர்களே கையெழுத்திடலாம். விதிகளை நாம் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். இருபது பேரில் பதின்மூவர் இப்போதே பெயர் தந்துவிட்டார்கள். மற்ற எழுவருக்கான தாள், கூட்டம் முடிந்ததும் வாசலடி மேசையில் இருக்கும்.