பணம் பண்ணும் வித்தையை விலைக்கு விற்பவர்கள்

(பாமன்கடையில் நடைபெற்ற எமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எம்மைப் பேசும்படி பணித்த செயலாளர் "இளைஞரும் பொருளாதாரமும்" என்று ஒரு தலைப்பைத் தந்திருந்தார். அது பெருங்கடல். அதிலே நீந்துவதற்கு எமக்கு வலுவில்லை. ஆகையால் அக்கடலிலே வந்து விழுகின்ற ஒரு சிறு ஓடையை மட்டும், எமது வாசலுக்கு முன்னாலேயே ஓடுகின்ற ஓடையை மட்டும், பார்ப்போம் என்று எண்ணுகின்றோம். பாமன்கடைப் பாலத்தின் கீழே ஓடும் கால்வாயைச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியிலே இரவு பகலாக ஓடுகின்ற விளம்பரத்தைச் சொல்லுகின்றோம்.

"வீட்டிலிருந்தபடியே மாதம் ஐயாயிரம் டொலர் உழைப்பது எப்படி? இலவசக் கருத்தரங்கு. இன்னும் 17 இடங்களே உண்டு." இவ்வாறு ஒரு வாலிபர் பேசுவார். அவருக்குப் பின்னால் விலையுயர்ந்த மோட்டார் வாகனம் ஒன்று நிற்கும். அது அவருடையதா, அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்ததா என்று எவரும் கேட்பதில்லை. இத்தகையவர்களை உலகம் "இணையச் சந்தை குரு" என்று அழைக்கின்றது. குரு என்ற சொல்லை இவ்வளவு மலிவாக்கி விட்டார்களே என்பது எமக்குள்ள முதல் மனத்தாங்கல். ஏகலைவனிடம் துரோணர் கேட்ட தட்சிணை கொடியதுதான். ஆயினும் அதைக்கூட வித்தை கைவந்த பின்புதான் அவர் கேட்டார். இங்கேயோ தட்சிணை முதலில். அதுவும் கடனட்டை மூலம், தவணை முறையில். வித்தை பிறகு வரும் என்கின்றார்கள்.

இதைப் பற்றி இன்று பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சபையோர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கின்றோம். சென்ற ஆண்டு இப்படியான கருத்தரங்கு ஒன்று இதே மண்டபத்திலே நடைபெற்றது. "இளைஞருக்கு இலவச வழிகாட்டல்" என்று சொல்லி இருவர் வந்து கேட்டார்கள். நாமும் மகிழ்ச்சியோடு இடங்கொடுத்தோம். வாடகை கூட வாங்கவில்லை. குத்துவிளக்கை நாமே ஏற்றிவைத்தோம்; வரவேற்புரையும் நாமே சொன்னோம். வந்தவர்களுடைய பெயரை இங்கே கூறப் போவதில்லை. அவர்களைத் தூற்றுவது இந்தப் பேச்சின் நோக்கமன்று. எமது பங்கை மட்டுமே சொல்லுகின்றோம்.

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களுள் ஓர் இளைஞனும் அவனுடைய தாயாரும் இருந்தார்கள். பையன் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவன். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தகப்பனார் புறக்கோட்டையில் ஒரு கடையிலே கணக்கெழுதுபவர். அன்று மாலையே 4,900 ரூபா கட்டி முதற்படியிலே சேர்ந்தான். இரண்டு கிழமை கழித்து, "உண்மையான இரகசியம் அடுத்த படியிலேதான் இருக்கின்றது" என்றார்கள். அதற்கு 65,000 ரூபா. பிறகு, குருவோடு நேரடியாகக் கதைக்கக்கூடிய "உள்வட்டம்". அதற்கு 185,000 ரூபா. தாயார் தமது சங்கிலியை அடைவு வைத்தார்.

நான்கு மாதங் கழித்து அந்த அம்மா எம்மிடம் வந்தார். கோபமாய் வந்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும். அவர் அமைதியாகச் சொன்னது இதுதான்: "வேற இடமெண்டால் நான் விட்டிருக்க மாட்டன் தம்பி. சங்கத்தில நடந்தது, விளக்கேத்தித் துவங்கினீங்கள், அதனாலதான் நம்பினன்."

அதன் பின்னர் அந்தப் பையனை அழைத்து, அவன் வாங்கிய பாடங்களை நான்கு மாலைப்பொழுதுகள் உடனிருந்து பார்த்தோம். மொத்தம் நாற்பத்திரண்டு படப்பாடங்கள். முதற் பதினொன்று "மனநிலை" பற்றியவை: ஏழை எப்படி நினைக்கின்றான், பணக்காரன் எப்படி நினைக்கின்றான், சந்தேகப்படுகின்ற உறவினரை விட்டு எப்படி விலகுவது. (இந்தக் கடைசிப் பாடத்தைக் கவனியுங்கள். கேள்வி கேட்கக்கூடியவர்களை முதலிலேயே அப்புறப்படுத்தி விடுகின்றார்கள்.) நடுவில் உள்ளவை பேஸ்புக்கில் விளம்பரம் போடுவது எவ்வாறு, இணையத்தளம் அமைப்பது எவ்வாறு என்பன. அவை பிழையான பாடங்கள் அல்ல; ஆனால் அந்த நிறுவனங்களே தமது பாவனையாளருக்காகக் காசில்லாமல் எழுதி வைத்திருக்கின்ற விளக்கங்களின் குறை மொழிபெயர்ப்பு. கடைசி ஆறு பாடங்களிலேதான் அந்தப் பெரிய இரகசியம் வந்தது. ஐயாயிரம் டொலர் உழைக்கும் வழி என்ன தெரியுமா? இதே பாடத்தை இன்னொருவருக்கு விற்பது. விற்றால் நூற்றுக்கு நாற்பது தரகு.

பையன் இருவருக்கு விற்றிருந்தான். ஒருவன் சித்தியின் மகன். மற்றவன் கூடப் படித்தவன். இருவரும் இப்போது அவனோடு கதைப்பதில்லை.

இது பாமன்கடையிலே மட்டும் நடந்த புதுமையன்று. அமெரிக்காவிலே "மோப்" என்ற பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது. இணைய வியாபாரத்திற்கு இருபத்தொரு படிகள் என்று அது விளம்பரஞ் செய்தது. நுழைவுக் கட்டணம் 49 டொலர்தான். உள்ளே போனவர்களை ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான உறுப்புரிமைகளை வாங்கும்படி விற்பனையாளர்கள் நெருக்கினார்கள். அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றத்துக்குச் சென்று அதனை நிறுத்துவித்தது. அந்தப் பெரிய வியாபார முறை என்பது அதே உறுப்புரிமைகளை மற்றவர்களுக்கு விற்பதேயென்றும், பன்னிரண்டரைக் கோடி டொலருக்கு மேல் மக்களிடம் திரட்டப்பட்டதென்றும் ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. பின்னர் மீட்டெடுத்த பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டு அனுப்பினார்கள். எமது பையனுடைய நாற்பத்திரண்டு பாடங்களுக்கும் அந்த இருபத்தொரு படிகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்தபோது, எமது ஊர்க் குருமாருக்குச் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் சிரமம் கூட இருக்கவில்லை என்று தெரிந்தது.

பெரிய பெயரைக் கண்டும் மயங்க வேண்டாம். டொனால்ட் ட்றம்ப் அவர்கள் ஜனாதிபதியாவதற்கு முன், 2005இல், "ட்றம்ப் பல்கலைக்கழகம்" என்று ஒன்றைத் தொடக்கினார். அது பல்கலைக்கழகமுமன்று, பட்டம் வழங்கியதுமில்லை. காணி, கட்டட வியாபாரத்தைக் கற்பிப்பதாகக் கூறி மூன்று நாள் வகுப்புக்கு 1,495 டொலரும், மேல்நிலைப் பயிற்சிக்கு 35,000 டொலர் வரையும் வாங்கினார்கள். வழக்குகள் எழுந்தன. 2016 நவம்பரில், தவறெதனையும் ஒப்புக்கொள்ளாமல், இரண்டரைக் கோடி டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தார்கள்.

இந்தியாவில் நடந்ததோ இன்னும் சுவையானது. பங்குச் சந்தையிலே நிச்சயமான இலாபம் பெறக் கற்பிப்பதாகச் சொல்லி "பாப் ஒப் சார்ட்" என்ற பெயரில் ஒருவர் வகுப்புகள் விற்றுவந்தார். வரைபடங்களுக்கெல்லாம் தகப்பன் என்று பொருள். 2023 ஒக்டோபரில் இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு நிறுவனமாகிய செபி ஓர் இடைக்கால உத்தரவைப் பிறப்பித்து, அவ்வாறு திரட்டப்பட்டதாகக் கணித்த ஏறக்குறைய 17 கோடி ரூபாவை வேறாக வைப்பிலிடும்படி பணித்தது. அந்த உத்தரவிலே ஒரு கணக்கு இருக்கின்றது. சந்தையை வெல்லும் வழியைப் பிறருக்குக் கற்பித்துக் கொண்டிருந்த அவர், அதே காலத்தில், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில், தமது சொந்த வியாபாரத்திலே இரண்டே முக்காற் கோடி ரூபாவுக்கு மேல் நட்டமடைந்திருந்தார்!

அவருடைய மாணவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதே செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, எதிர்கால ஒப்பந்த, விருப்புரிமை ஒப்பந்த வியாபாரத்தில் ஈடுபட்ட தனிமனிதரில் நூற்றுக்கு 93 பேர் மூன்றாண்டுகளில் நட்டமே கண்டார்கள். மிகுதி ஏழு பேரின் படத்தைத்தான் விளம்பரத்திலே போடுகின்றார்கள். அவர்கள் சொல்வது பொய்யாய் இராது. ஆனால் மற்றைத் தொண்ணூற்று மூன்று பேரை மேடைக்கு அழைத்துப் பேசச் சொல்ல எந்தக் குருவும் முன்வருவதில்லை.

"எங்கள் நாட்டிலே சட்டம் இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்டு. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு, ஆட்சேர்ப்பினால் இலாபம் வரும் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கின்றது. அவ்வாறு தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டு வருகின்றது. 2023இல் ஒன்மெக்ஸ் டிரி, எம்.ரி.எப்.ஈ. என்பன அதிலே சேர்க்கப்பட்டன. இரண்டாவது அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே சரிந்தபோது வங்காளதேசத்திலும் நைஜீரியாவிலும் எமது நாட்டிலும் எத்தனையோ பேர் காசை இழந்தார்கள். ஆனால் பாடம் விற்பவர் கெட்டிக்காரர். "நான் முதலீடு வாங்கவில்லை, பாடம் கொடுத்திருக்கின்றேன், நாற்பத்திரண்டு படங்கள் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள்" என்பார். அதனால் அவர்மேல் அந்தப் பிரிவு எப்பொழுதும் பாயும் என்று சொல்ல முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், மக்களை மயக்கித் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடுக்கின்றது. அதன்படி முறையிட 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். எடுக்கத்தான் வெட்கப்படுகின்றோம். ஏமாந்தவன் என்று அயலவர் சொல்வார்களே என்ற அந்த வெட்கம் குருமாருக்குப் பெரிய பாதுகாப்பு.

ஆட்சேர்ப்புக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும். அந்த ஐவரும் தலைக்கு ஐவரைச் சேர்க்க வேண்டும். ஐந்து, இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று போகும். பத்தாவது படியில் 9,765,625 பேர் வேண்டும். பதினோராவது படியில் 48,828,125. இலங்கையின் முழுச் சனத்தொகையும் இரண்டேகால் கோடிக்குக் குறைவு. தொட்டிலிற் கிடக்கின்ற குழந்தையையும் சேர்த்தாலும் பதினோராவது படிக்கு ஆள் காணாது.

எங்கள் தாய்மார் காலங்காலமாகச் சீட்டுப் பிடிக்கின்றார்கள். அதிலும் ஆபத்து இல்லாமலில்லை. ஆனால் சீட்டுக்காரி எந்த ஒழுங்கையிலே இருக்கின்றாள், அவளுடைய மாமியார் யார் என்பதெல்லாம் தெரிந்துதான் காசு கொடுக்கின்றோம். குருவின் விலாசத்தைக் கேட்டோம். பையனிடம் ஒரு வட்ஸ்அப் இலக்கம் மட்டுமே இருந்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "பிள்ளைகள் ஏன் விழுந்தார்கள்? பேராசை" என்று பெரியவர்கள் சிலர் தீர்ப்புச் சொல்லக்கூடும். அதை நாம் ஒப்புக்கொள்ளோம். 2022ஆம் ஆண்டை மறந்து விட்டோமா? ஏப்ரலிலே நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு எழுபது வீதமளவில் ஏறியிருந்தது. தகப்பனின் சம்பளம் பாதியாகக் கரைவதைக் கண்ட பிள்ளை, டொலரிலே உழைக்கலாம் என்று ஒருவன் சொன்னால் செவி சாய்க்காமல் என்ன செய்வான்? அவன் கேட்டது வேலை. அதற்கு நாம் ஒரு பதிலும் வைத்திருக்கவில்லை. பதில் வைத்திருப்பதாகச் சொன்னவனுக்கு மண்டபத்தைக் கொடுத்தோம்.

இணையத்திலே உழைக்க முடியாதென்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கந்தோர்களுக்குக் கணக்கெழுதி உழைக்கின்ற பெண்கள் வெள்ளவத்தையிலே இருக்கின்றார்கள். படம் வரைபவர், மொழிபெயர்ப்பவர், நிரல் எழுதுபவர் இருக்கின்றார்கள். அவர்களிலே சிலரிடம் கதைத்தோம். எவரும் இரகசியம் எதனையும் வாங்கவில்லை; ஒரு தொழிலை ஒன்றிரண்டு ஆண்டுகள் பழகியிருக்கின்றார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நிரல் எழுதும் பாடங்களை இணையவழியே இலவசமாகத் தருகின்றது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடத்தையும் வீட்டிலிருந்தே காசின்றிப் படிக்கலாம். காசு கட்டிப் படிப்பதாயின், அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலே பதிவு செய்யப்பட்டதா என்று முதலிலே விசாரிக்கலாம். இவையெல்லாம் மெதுவான வழிகள்தாம். ஐயாயிரம் டொலர் என்று எவரும் எழுதித் தர மாட்டார்கள்.

செயற்குழு சென்ற மாதம் கூடி இரண்டு தீர்மானங்களைச் செய்திருக்கின்றது. பங்குபற்றுவோரிடம் பின்னர் பணம் பெறக்கூடிய எவருக்கும், எவ்வளவு நல்ல பெயரோடு வந்தாலும், மண்டபம் இனிக் கொடுக்கப்பட மாட்டாது. மற்றது, சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை வாசிகசாலையிலே எமது அங்கத்தவர் இருவர் இருப்பார்கள். ஒருவர் வங்கியிலே கடமையாற்றி இளைப்பாறியவர், மற்றவர் கணினித் துறையிலே வேலை செய்பவர். எந்த விளம்பரமானாலும், எந்தப் பாடமானாலும், காசு கட்டுமுன் கொண்டுவந்து காட்டுங்கள். ஏற்கெனவே கட்டியவர்களும் வாருங்கள். பெயரை எழுதமாட்டோம்.

அந்தப் பையன் இப்போது பகலில் ஓர் அச்சகத்திலே வேலை பழகுகின்றான். இரவில் மொறட்டுவைப் பாடத்தைப் படிக்கின்றான். தாயாரின் சங்கிலி இன்னும் அடைவிலே இருக்கின்றது. தவணை தை மாதத்திலே முடிகின்றது. மீட்பதற்கான காசில் ஒரு பங்கை, மண்டபங் கொடுத்தவர்கள் என்ற முறையில், செயற்குழுவினர் தமது கையிலிருந்து சேர்த்து வருகின்றோம். கூட்டம் முடிந்தபின் பொருளாளர் வாசலடியில் இருப்பார்.