பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்கின கித்தார்

(கலைக்குழுத் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று ராத்திரி சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு தோழர் கேட்டார்: "பறை இருக்கும்போது பாஸ் கித்தார் எதுக்குண்ணே? அதுவும் எவனோ வாசிச்ச பழசு?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். இன்றைக்கு எனக்குக் கொடுத்த நேரத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ் கித்தாருக்கு நாலு கம்பி. சாதாரண கித்தாருக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசும். ஆகத் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். காதால் கேட்பதைவிட வயிற்றால் கேட்கிற சத்தம் அது. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் இதை விற்பனைக்குக் கொண்டு வருகிற வரைக்கும், ஆளைவிடப் பெரிய பாஸைத்தான் பெரும்பாலும் நிறுத்தி வைத்து வாசித்தார்கள். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டிக்கொள்கிற பலகையாக்கி, மின்சாரம் கொடுத்து, சுரம் தப்பாமல் இருக்கக் கழுத்தில் உலோகக் கட்டைகளும் போட்டார்.

எங்க ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அரை மைல் வயல். கச்சேரிப் பந்தலுக்குள் எங்களுக்கு இடமில்லை. குடிசை வாசலில் உட்கார்ந்து கேட்டால் பாட்டு வராது, வார்த்தை வராது, 'தும் தும்'முன்னு அடிச்சத்தம் மட்டும் வரும். மெல்லிய சத்தம் தூரத்தில் காற்றிலேயே கரைந்துபோகும். கீழ்ச் சத்தம் சுவரையும் மரத்தையும் சுற்றிக்கொண்டு வந்து சேரும். இது விஞ்ஞானம். ஆனால் சேரியை அரை மைல் தள்ளி வைத்தது விஞ்ஞானம் இல்லை. ஊருக்குப் பாட்டு, எங்களுக்கு பாஸ். அந்த 'தும் தும்'மை மட்டும் வைத்து என்ன பாட்டுன்னு சொல்கிற போட்டி எங்க பிள்ளைகளுக்குள் நடக்கும். இளையராஜா பாட்டென்றால் சுலபமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் பாஸ் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அவரிடம் நீண்ட காலம் பாஸ் வாசித்த சசிதரன் பெயர் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எங்க வீட்டு கேசட் அட்டையில் பாடினவர் பெயர் இருந்தது, எழுதினவர் பெயர் இருந்தது. அடியில் நின்று தாங்கினவர் பெயர் இல்லை.

அதனால் பாஸ் எங்களுக்கு அந்நிய வாத்தியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த ஊரில் எங்களுக்கென்று வந்து சேர்ந்த ஒரே இசை அதுதான்.

அடுத்து, 'பழசு' சமாச்சாரம். இது நம்ம ஆட்களுக்கு உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். சண்டாளனுக்குச் செத்தவன் துணி, உடைந்த பாத்திரத்தில் சோறு என்று மனு தன் 10ஆம் அத்தியாயத்தில் சட்டம் எழுதி வைத்திருக்கிறான். 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் பாபாசாகேப் முன்னின்று அந்த நூலை எரித்தார் என்றால் அதில் இந்தத் துணியும் சேர்ந்துதான் எரிந்தது. பண்ணை வீட்டுக் கிழிசல் சட்டையைப் பொங்கலுக்குப் பொங்கல் வாங்கிப் போட்ட தலைமுறை நம்முடையது. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே"ன்னு பழமொழி வேறு. கொடுத்ததை வாங்கிக்கோ, கேள்வி கேட்காதே என்று அர்த்தம். கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல பொத்தான் இல்லீங்களே, வேணாம்"னு எங்க அப்பா சொல்லியிருக்க முடியுமா?

செகண்ட் ஹேண்டு வாங்குவது அது இல்லை. காசு என்னுடையது. மாட்டின் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாக எண்ணுவேன். பிடிக்கவில்லை என்றால் வேணாம்னு சொல்லிவிட்டு வந்துகொண்டே இருப்பேன்.

குழுவில் ஒன்றரை வருஷம் சேர்த்த பணம் இருந்தது. புதுசாக அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் வாங்க லட்சக்கணக்கில் வேண்டும். கடையில் பத்து, பதினைஞ்சாயிரத்துக்குக் கிடைக்கிற புதுசுகளை வாசித்துப் பார்த்தோம். பழகுவதற்குச் சரி, மேடைக்குத் தாங்காது. ஆகவே அதே பணத்துக்குப் பழைய நல்லதைத் தேடலாம் என்று முடிவானது. தேடலில் நாலு மாசம் போனது.

முதலில் போன வீடு நகரத்தின் நல்ல பகுதியில் இருந்தது. செல்போன் விளம்பரம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் போனேன். வாசலிலேயே "சொந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். உள்ளே போய்வந்து, இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்றார். கித்தார் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுவரில் சாய்ந்திருந்தது. பத்து நாள் கழித்தும் அந்த விளம்பரம் அப்படியே இருந்தது. வாடகைக்கு வீடு தேடின தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கித்தாருக்கும் வருணம் உண்டு, தெரியுமா? தலைப்பலகையில் என்ன பெயர், எந்த தேசத்தில் பிறந்தது, இதைப் பார்த்துத்தான் சந்தையில் விலை. அமெரிக்கப் பிறப்பு என்றால் முகத்தில் பிறந்தது, மற்றதெல்லாம் காலில் பிறந்தது. ஆனால் நடந்த கதை வேறு. 1965இல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்கிற பெரிய நிறுவனம் வாங்கியது. அதற்குப் பிறகு தரம் இறங்கிவிட்டது என்று வாசிக்கிறவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார்கள். அதே காலத்தில் ஜப்பான்காரர்கள் போட்ட நகல்கள் அசலுக்கே சவாலாக வந்து நின்றன. கடைசியில் 1982இல் ஃபெண்டர் ஜப்பானிலேயே ஒரு கம்பெனி தொடங்கி, மட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிகென் ஆலையில் கித்தார் செய்ய வைத்தது. அந்த ஆலையில் வேலை செய்தவர்களின் கை அப்படி. இன்றைக்கும் அந்த எண்பதுகளின் ஜப்பான் கித்தாரைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. பிறப்பைப் பார்க்காமல் கையால் சோதித்தால் இந்த மாதிரி விஷயம் வெளியே வரும்.

எனக்கு அது கிடைத்தது பெரம்பூரில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முப்பது வருஷம் ராத்திரியில் மெல்லிசைக் குழு, ஞாயிற்றுக்கிழமை சர்ச். இப்போது விரல் மூட்டு வீங்கி மடங்கவில்லை. அவர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. "எத்தன வருஷமா வாசிக்கிறே தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். பெட்டியைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, "ஒரு மணி நேரம் வாசி. வாசிக்காம வெல பேசக்கூடாது"ன்னு டீ போடப் போய்விட்டார்.

எப்படிச் சோதித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நாளைக்கு உங்களுக்கும் ஆகும்.

முதலில் கழுத்து. தலைப்பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி உடம்பு வரைக்கும் பாருங்கள். லேசாக வில் போல வளைந்திருந்தால் பயமில்லை. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் திருகைக் கால் சுற்று முடுக்கினால் நேராகும். துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள், அதற்கு வைத்தியம் சுலபமில்லை. வளைவை அளக்கக் கருவி வேண்டாம். முதல் கட்டையில் ஒரு விரல், கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு விரல், கம்பியை அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாம் கட்டைக்கு மேல், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு சந்து இருந்தால் சரி. அந்தத் திருகு ஏற்கனவே கடைசி வரைக்கும் முடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இனிமேல் திரும்பாது என்றால் அந்தக் கித்தாரின் ஆயுசு முடிந்தது.

அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கட்டையாக வாசிக்க வேண்டும். பொறுமை வேண்டும். எங்கே கரகரக்கிறது, எங்கே சத்தம் எழும்பி உடனே செத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரிக் கித்தார்களில் ஆக மெல்லிய கம்பியின் ஐந்தாம் கட்டையிலிருந்து ஏழாம் கட்டை வரைக்கும் ஒரு ஊமை இடம் இருப்பது சகஜம். உயர்ந்த விலைக் கித்தாரிலும் இருக்கும். எவ்வளவு ஊமை என்பதுதான் கேள்வி. பன்னிரண்டாம் கட்டையில் விரலை லேசாகத் தொட்டு வருகிற சுரமும், அழுத்தி வாசித்து வருகிற சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் பாலத்துத் திருகைத் திருப்பினால் போதும். குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் மகிழ்ச்சியடையுங்கள்! கடற்கரை ஊரில் உப்புக்காற்று எல்லாக் குமிழையும் அரிக்கும். சுத்தம் பண்ணுகிற மருந்து சில நூறு ரூபாய்தான், ஆனால் பேரத்தில் ஆயிரங்களைக் குறைக்கும்.

பெரியவரின் கித்தாரில் குமிழ் கரகரத்தது, இரண்டு கட்டை தேய்ந்திருந்தது. கழுத்து மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. விரல் ஓடுகிற பலகை கறுத்த செம்பழுப்பு. "அது நம்ம ஈட்டி மரம் தம்பி, ஜப்பானுக்குப் போயிட்டு வந்திருக்கு" என்றார். பிரேசில் மரம் அருகிப்போன பிறகு அறுபதுகளிலிருந்து உலகத்துக் கித்தார்களுக்கு நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான் பெருவாரியாகப் போனது. 2017இல் அதன் ஏற்றுமதிக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பழையதை வாங்கினால் புதிதாக ஒரு மரம் விழ வேண்டியதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

58,000 சொன்னார். தேய்ந்த கட்டையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே, "கண்டுபுடிச்சிட்டியா"ன்னு 52,000க்கு வந்தார். தோள்வாரைச் சும்மா கொடுக்கப் பார்த்தார். அதற்கும் 200 ரூபாய் வைத்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாஸ் கையில் எடுக்கிற தோழர்கள் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவில் எடிஸ்டோ தீவில் பிறந்த கறுப்பர். சின்ன வயதில் எறும்புப் புற்றில் குச்சியை நட்டு, ரப்பர் கட்டி மீட்டி, எறும்புகளை ஆட வைக்கிறேன் என்று விளையாடுவாராம். 1954இல் டெட்ராய்ட் வந்தார். மோடவுன் கம்பெனியின் அடித்தள ஸ்டுடியோவில் அறுபதுகள் முழுக்க அவர் வாசித்த பாஸைத்தான் உலகம் ஆடியது. அவருடைய முதல் ஃபெண்டரே இன்னொரு கலைஞர் வாசித்துக் கொடுத்ததுதான். அது திருடுபோன பிறகு கிடைத்த 1962ஆம் வருஷத்துக் கித்தாரில் தடித்த கம்பியைப் போட்டார், அறுகிற வரைக்கும் மாற்ற மாட்டார். வலது கையில் வாசிக்கிறது ஒரே ஒரு விரல். இத்தனைக்கும் தட்டு உறையில் அவர் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் பெயர் அச்சேறியது. அடுத்த வருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்செல்சுக்கு மாறிவிட்டது. 1983 ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். சாவதற்குச் சில நாள் முன்னால் அந்தக் கித்தாரையும் எவனோ திருடிக்கொண்டு போனான். அது இன்னும் கிடைக்கவில்லை.

நம் பக்கம் வாருங்கள். மிருதங்கத்துக்குத் தோல் போட்டு நாதம் கொடுத்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டது 2020இல். அத்தனை காலம் சபாவில் அந்தப் பெயர்களைச் சொல்ல வாய் வரவில்லை. வித்வான் பெயர் மட்டும் நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

பறையை விட்டுவிட்டு இதற்குப் போகிறோமா என்றால், இல்லை. பறையைக் கீழே போட்டதும் நம் போராட்டம்தான். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட ஊர்கள் உண்டு. அதே பறையை விடுதலைக் கலையாக மேடையில் ஏற்றியதும் நாம்தான். இந்த விவாதம் முடியவில்லை, முடிய வேண்டியதும் இல்லை. 2018இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் பறையும் சட்டியும் மின்கித்தாரும் ஒன்றாக நின்றதைப் பார்த்தோம். பாஸ் கித்தாரைக் காட்டி "பொணம் விழுந்திருக்கு, வாடா"ன்னு இதுவரைக்கும் எவனும் கூப்பிட்டதில்லை. அந்தப் புண் இதற்கு இல்லை.

சேர்ந்து வாசிப்பது லேசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிம்புக்குச்சி போடுகிற கீறல் சத்தம் மேலே நிற்கும், அடிக்குச்சி நடுவில் நிற்கும், அதற்குக் கீழே நிலம் மாதிரி பாஸ் கிடக்க வேண்டும். பாஸ்காரர் நிறைய வாசித்தால் பறை கெட்டது. நான் ஓர் ஆட்டத்துக்கு மூன்றே சுரம்தான் வாசிக்கிறேன். அந்த மூன்றையும் சரியான இடத்தில் வைக்கும்போது, முதுகெலும்பு வழியாக ஏறி வருகிற சுகம் இருக்கிறதே, அதை மைக்கில் சொல்லிப் புரிய வைக்க முடியாது. இரவு எல்லோரும் தூங்கின பிறகு மின்சாரம் இல்லாமலேயே மடியில் வைத்துத் தட்டுவேன். பலகை நெஞ்சில் அதிரும். அந்தப் பெரியவரின் முழங்கை உரசி வார்னிஷ் போன இடத்தில்தான் இப்போது என் முழங்கையும் உட்காருகிறது.

இன்னொரு சங்கடம், பறை ஆற ஆறச் சுதி இறங்கும். கித்தார் இறங்காது. அதனால் நெருப்பில் காய்ச்சின பிறகுதான் நான் சுதி சேர்க்க முடியும், பாதியில் ஒருமுறை காதை வைத்துச் சரியும் பார்க்க வேண்டும். பின்னால் தோழர்கள் வைக்கோலைக் கொளுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, புகை வருகிறது. பறை காயட்டும். அதற்குள் யாராவது அந்த ஒயரைப் பெட்டியில் சொருகுங்கள்.