பழைய உலாவியைப் பழக்கும் வகை



பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், அத்திப்பள்ளி எல்லைக்கு இப்பால், பொம்மசந்திரா என்னும் தொழிற்பேட்டை இருக்கின்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது, அதன் கடைசி நிலையம் என்ற பெயரும் இவ்வூருக்கு வாய்த்தது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்து இங்குள்ள ஆலைகளிலே உழைக்கும் நம்மவர் பலர். ஊரில் உள்ள காணியின் பட்டாவைப் பார்க்கவேண்டும். சேமநிதிக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதென அறியவேண்டும். பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தை அனுப்பவேண்டும். கைப்பேசி எல்லோரிடமும் உண்டு என்றாலும், நீண்ட படிவத்தை நிரப்பி அச்சுப் பிரதி எடுக்கவேண்டுமானால், தெருமுனையிலுள்ள பிரவுசிங் சென்டரையோ, அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணிப்பொறியையோதான் நாடுகிறோம். அங்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய உலாவியே. அதனோடு மல்லுக்கு நின்று அரைநாள் கூலியை இழப்பதைக் காட்டிலும், அதன் குணமறிந்து வேலை வாங்குவது நன்று.

பழையது என்பதற்கு அளவென்ன? 1995இல் பிறந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் விடைகொடுத்துவிட்டது. விண்டோஸ் 7 உள்ள பொறிகளில் குரோம் உலாவி 109ஆம் பதிப்போடும், பயர்பாக்ஸ் உலாவி 115ஆம் பதிப்போடும் நின்றுவிட்டன. ஒரு பொறியில் இம்மூன்றும் இருக்குமாயின், நாம் முதலில் திறக்கவேண்டியது பயர்பாக்ஸே. பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய நற்சான்றுகளை அது தன்னுடனேயே வைத்திருக்கிறது. மற்ற இரண்டும் வயதான விண்டோஸின் கையை எதிர்பார்த்திருந்த காலம் நீண்டது.

உட்கார்ந்தவுடன் திரையின் வலக்கோடியில் உள்ள கடிகாரத்தை நோக்குவோம். இது அற்பமாகத் தோன்றலாம், அற்பமன்று. பழைய பொறியின் உள்ளே நாணயம் போன்ற சிறு பாட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றுவிடும். தளத்தின் நற்சான்று இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கிறது. பொறி தன்னை 2009இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், அச்சான்று இன்னும் பிறக்கவே இல்லையென்று கருதி, "இணைப்பு பாதுகாப்பற்றது" என உலாவி கதவடைக்கும். தேதியைச் சரிசெய்தால் கதவு திறக்கும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வருமானால், அதை மீறி உள்ளே புகுவது தகாது.

இனி விசைகள். வானொலியில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லும்போது டெல்லியின் 'டி'யும் திருச்சியின் 'டி'யும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆதலால் ஊர்ப் பெயரோடு சொல்லிச் செல்வோம். கண்ட்ரோல் விசையோடு திருச்சியின் 'டி'யை அழுத்தினால் புதிய தாவல் பிறக்கும். ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால், கைதவறி மூடிய தாவல் மீண்டு வரும். கண்ட்ரோலும் டெல்லியின் 'டி'யும் முகவரியைக் குறித்து வைக்கும். கண்ட்ரோலும் 'எஃப்'பும் பக்கத்தினுள் ஒரு சொல்லைத் தேடித் தரும். நீண்ட பயனாளிப் பட்டியலில் நம் பெயரைக் கண்டுபிடிக்க இதனினும் விரைவான வழி இல்லை. எழுத்து சிறிதாயின் கண்ட்ரோலும் கூட்டல் குறியும். பழைய நிலைக்குக் கண்ட்ரோலும் சுழியமும். பட்டி எங்கே போயிற்று என்று தேடுவோர் ஆல்ட் விசையைத் தனியே ஒருமுறை தட்டினால், எக்ஸ்ப்ளோரரிலும் பயர்பாக்ஸிலும் அது தலைகாட்டும்.

முகவரிப் பெட்டியில் ஒரு சொல்லை எழுதிக் கண்ட்ரோலும் என்டரும் அழுத்தினால், முன்னும் பின்னும் வேண்டியதைச் சேர்த்து உலாவியே வணிகத்தள முகவரியாக்கிவிடும். இதைப் பெரிய வித்தையாகச் சொல்வர். அரசு முகவரிகள் வேறு வகையில் முடிவன. ஆகையால் இவ்வித்தை நம்மை அரசு அலுவலகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஏதோவொரு தரகர் தளத்திற்கு அழைத்துச் சென்றுவிடவும் கூடும். முழு முகவரியையும் எழுதுவதே மேல்.

படிவம் நிரப்பும் இடத்திலேதான் பழைய உலாவி நம்மைச் சோதிக்கும். அதில் பேக்ஸ்பேஸ் விசைக்கு இரண்டு வேலைகள். பெட்டிக்குள் இருந்தால் எழுத்தை அழிக்கும். பெட்டிக்கு வெளியே இருந்தால் முந்தைய பக்கத்திற்குத் தள்ளிவிடும். அரைமணி நேரம் எழுதிய விவரம் ஒரு தட்டில் மறைவது இவ்வாறே. குரோம் உலாவி 2016இல் இவ்வழக்கத்தைக் கைவிட்டது. அப்படி நேர்ந்தால் பதறாமல், உடனே ஆல்ட் விசையோடு வலப்புற அம்புக்குறியை அழுத்துவோம். சில வேளைகளில் எழுதியது அப்படியே இருக்கும். நீண்ட விவரத்தை முதலில் நோட்பேடில் எழுதி ஒட்டுவது உறுதியான வழி.

பெட்டிக்குப் பெட்டி செல்ல டேப் விசை. திரும்பிவர ஷிப்டும் டேப்பும். மாவட்டப் பட்டியலில் சுட்டியை உருட்டிக்கொண்டிராமல், 'கே', 'ஆர்' என இரண்டு எழுத்துகளை விரைந்து தட்டினால், கள்ளக்குறிச்சி, காஞ்சிபுரம், கன்னியாகுமரி, கரூர் யாவற்றையும் தாண்டிக் கிருஷ்ணகிரியில் நிற்கும். மிகப் பழைய உலாவிகளில் இரண்டாவது எழுத்து நம்மை இராமநாதபுரத்திற்குக் கொண்டுபோய்விடும்! அங்கே 'கே'யை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டவேண்டும்.

பக்கம் பழையதையே காட்டினால் கண்ட்ரோலும் எஃப் ஐந்தும் புதிதாக வரவழைக்கும். ஆனால் கட்டணம் செலுத்தும் கட்டத்தில் இவ்விசையைத் தொடலாகாது. அதே விண்ணப்பம் இருமுறை போக வழியுண்டு. உண்மையில், பணம் கட்டுவதையும் வங்கிக் கடவுச்சொல் எழுதுவதையும் பழைய உலாவியில் செய்யவே வேண்டாம் என்பது நம் துணிபு. அதன் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. படிக்கவும் தேடவும் அச்சிடவும் அதனைக் கொள்வோம். பணத்திற்குப் புதிய உலாவியுள்ள சொந்தக் கைப்பேசி போதும்.

தமிழ்ப் பக்கம் சில சமயம் புரியாத குறிகளின் கூட்டமாக வரும். ஒரு காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவும் குறியீடும் வைத்திருந்தது. டிஸ்கி, டாப், டாம் எனப் பல முறைகள் நிலவின. அக்காலப் பக்கமாயின் உரிய எழுத்துரு இன்றிப் படிக்கவியலாது. ஒருங்குறிப் பக்கமே அவ்வாறு வந்தால், எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியில் என்கோடிங் என்பதைத் திறந்து, யூ.டி.எஃப். 8 என்பதைத் தேர்ந்தால் தமிழ் தெளிந்துவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களை இவ்வூரில் இருந்தபடியே பழைய பொறியிலும் படிக்கலாம். அவை கனமற்ற பக்கங்கள்.

பொதுப் பொறியில் அமர்ந்தால், தொடங்கும்போதே தனிச்சாளரத்தைத் திறப்போம். எக்ஸ்ப்ளோரரிலும் பயர்பாக்ஸிலும் கண்ட்ரோல், ஷிப்ட், பழனியின் 'பி'. குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், நாமக்கல்லின் 'என்'. சாளரத்தை மூடியதும் நாம் சென்ற இடங்களின் சுவடு அப்பொறியில் நில்லாது. ஆனால், இறக்கிக்கொண்ட கோப்புகள் நிற்கும்! பட்டா நகலும் சேமநிதி ஏடும் டவுன்லோட்ஸ் உறையில் கிடக்க, அடுத்து அமர்பவர் எவரும் அவற்றைத் திறக்கலாம். அவ்வுறையில் நம் கோப்பைத் தேர்ந்து, ஷிப்ட் விசையோடு டிலீட் அழுத்தினால், குப்பைத் தொட்டிக்கும் போகாமல் நீங்கிவிடும். பிறகு கணக்கிலிருந்து வெளியேறிச் சாளரத்தை மூடி, அச்சுப்பொறியின் தட்டில் ஆதார்ப் பிரதி ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு எழுவோம்.